அம்புக்கு மரம் தேர்ந்த ஆசிரியர்



கல்வியியல் வரலாறு படித்தோர் ரோஜர் ஆஸ்கம் என்னும் பெயரை ஒருமுறையேனும் கேட்டிருப்பர். பதினாறாம் நூற்றாண்டில் வாழ்ந்த ஆங்கிலேய ஆசிரியர் அவர். மாணாக்கரை அடித்துப் படிப்பிப்பதைவிட அன்பால் ஈர்ப்பதே மேல் என்று அந்தக் காலத்திலேயே எழுதியவர். அவரே வில்வித்தை பற்றியும் ஒரு நூல் எழுதினார் என்பதும், அம்பு செய்வதற்கு ஏற்ற மரம் எதுவென்று அதில் வகைவகையாக ஆராய்ந்தார் என்பதும் நம்மில் பலர் அறியாத செய்தி.

அந்த நூல் அச்சேறிய ஆண்டு 1545. அதே ஆண்டு சூலை 19ஆம் நாள், இங்கிலாந்தின் தென்கரையில், போர்ட்ஸ்மத் நகருக்கு எதிரேயுள்ள சொலண்ட் கடற்பகுதியில், எட்டாம் என்றி மன்னரின் 'மேரி ரோஸ்' என்னும் போர்க்கப்பல் மூழ்கியது. அந்தக் கப்பலில் ஆயிரக்கணக்கான அம்புகள் இருந்தன. ஆக, ஒரே ஆண்டைச் சேர்ந்த இரண்டு சான்றுகள் நம்மிடம் உள்ளன. ஒன்று, அம்பு எப்படி இருக்க வேண்டும் என்று சொல்லும் நூல். மற்றொன்று, அம்பு எப்படி இருந்தது என்று காட்டும் கப்பல். இவ்விரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தால், வரலாறு கற்பிக்கும் நமக்கும், பிள்ளைகளின் பாடநூலைப் புரட்டிப் பார்க்கும் பெற்றோர்க்கும் பயன்படும் ஒரு பாடம் கிடைக்கிறது. அது கருதியே இந்தக் கட்டுரையை எழுதுகிறேன்.

யார் இந்த ஆஸ்கம்?

ஆஸ்கம் ஏறத்தாழ 1515இல் இங்கிலாந்தின் யார்க்சயர் பகுதியில் பிறந்தார். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் செயின்ட் ஜான்ஸ் கல்லூரியில் பயின்று, அங்கேயே கிரேக்கம் கற்பிக்கும் ஆசிரியரானார். 1548 முதல் 1550 வரை, பின்னாளில் அரசியாராக முடிசூடிய எலிசபெத்துக்குத் தனியாசிரியராக இருந்தார். 1568இல் மறைந்தார். அவர் எழுதி வைத்திருந்த 'ஸ்கூல்மாஸ்டர்' என்னும் கல்வி நூலை அவர் மறைவுக்குப் பின் 1570இல் அவர்தம் துணைவியார் வெளியிட்டார். அந்த நூல் பிறந்த கதையும் சுவையானது. 1563இல் வின்ட்சர் அரண்மனையில் நடந்த ஒரு விருந்தில், அடிக்கு அஞ்சி ஈட்டன் பள்ளியை விட்டு ஓடிப்போன மாணாக்கர் சிலரைப் பற்றிப் பேச்சு எழுந்ததாம். அந்தப் பேச்சே நூலுக்கு வித்தாயிற்று.

அவர்தம் வில்வித்தை நூலின் பெயர் 'டொக்சோபிலஸ்'. வில்லை விரும்புபவன் என்பது இந்தக் கிரேக்கச் சொல்லின் பொருள். வில்லை விரும்பும் ஒருவரும் கல்வியை விரும்பும் ஒருவரும் உரையாடுவதாக நூல் அமைந்துள்ளது. எட்டாம் என்றி மன்னரிடம் அதனை ஒப்படைத்த ஆஸ்கம், ஆண்டுக்குப் பத்துப் பவுண்டு உதவித்தொகை பெற்றார். அறிஞர்கள் பெரும்பாலும் இலத்தீனிலேயே எழுதிக்கொண்டிருந்த காலம் அது. இலத்தீனில் எழுதுவது தமக்கு எளிது; ஆயினும் நாட்டு மக்களுக்குப் பயன்பட வேண்டும் என்பதால் தாய்மொழியாகிய ஆங்கிலத்தில் எழுதுகிறேன் என்னும் கருத்துப்பட அவர் முன்னுரையில் கூறுகிறார். தமிழ்ப்பள்ளி ஆசிரியர்களாகிய நமக்கு இந்தச் செய்தி இனிக்காமல் இருக்குமா?

பதினைந்து மரங்கள்

அம்பின் தண்டுக்குப் பயன்படும் மரங்களாக ஆஸ்கம் பதினைந்தைக் குறிப்பிடுகிறார். அவற்றை அவர் மூன்று கூறாகப் பிரித்துப் பேசுகிறார்.

முதற்கூறு, அடர்த்தி மிகுந்த அயல்நாட்டு மரங்கள். பிரேசில் மரம், துருக்கி மரம், பஸ்டிக், சர்க்கரைப் பெட்டி மரம் ஆகிய நான்கும் இதில் அடங்கும். சர்க்கரைப் பெட்டி மரம் என்பது, கடல் கடந்து வந்த சர்க்கரையை அடைத்திருந்த பெட்டிகளின் பலகை. பிரேசில் என்பது அந்தக் காலத்தில் நாட்டின் பெயராகும் முன்பே மரத்தின் பெயராக இருந்தது. செஞ்சாயம் தரும் அந்த மரத்தின் பெயரே பின்னர் நாட்டுக்கும் ஆயிற்று. ஆசியாவில் விளையும் அதன் உறவு மரமும் ஐரோப்பியச் சந்தையில் அதே பெயரில் விலைபோயிற்று. அதனைத் தமிழில் பதிமுகம் என்றும் மலாய்மொழியில் செப்பாங் என்றும் வழங்குகிறோம். கேரளத்து உணவகங்களில் குடிநீரைச் சிவக்கச் செய்வது இந்தப் பதிமுகக் கட்டைதான். இத்தகைய கனத்த மரங்களால் செய்த அம்பு உயிரற்றதாய், தடுமாறிச் செல்வதாய் இருக்கும் என்பது ஆஸ்கமின் தீர்ப்பு.

இரண்டாம் கூறு, மெலிந்தவையோ இலேசானவையோ ஆகிய மரங்கள். ஆல்டர், பிளாக்தார்ன், சர்வீஸ், பீச், எல்டர், ஆஸ்பென், சாலோ ஆகிய ஏழும் இதில் வருவன. இவற்றால் ஆன அம்பு துள்ளும், நேர்வழியில் நில்லாது அலையும் என்கிறார்.

மூன்றாம் கூறு, நடுத்தரமானவை. பிர்ச், ஹார்ன்பீம், ஓக்கில் சில, ஆஷில் சில. வில்லின் உந்துதலைத் தாங்கும் வலிமையும் தொலைவு பறக்கும் இலேசும் ஒருங்கே உடையவை இவை. எனவே பொதுப்பயனுக்கு இவையே சிறந்தவை என்பது அவர் முடிபு.

இவ்வாறு பிரித்தபின் அவர் ஒரு தடையும் விதிக்கிறார். எந்த மரமும் எல்லார்க்கும் பொருந்தாது. வில்லின் வலிமையையும் எய்பவரின் கைவலிமையையும் பார்த்தே அம்பைத் தேர வேண்டும் என்கிறார். மேலும், தண்டு நன்கு உலர்ந்து பதப்பட்டிருக்க வேண்டும். மரம் வளர்ந்த போக்கிலேயே, இழை ஓடும் திசையிலேயே செதுக்கப்பட வேண்டும் என்றும் வற்புறுத்துகிறார். இழையைக் குறுக்கே வெட்டிய தண்டு வளைந்துவிடும். பலத்த வில்லில் வைத்து எய்தால் முறிந்து எய்பவரின் கையையே கிழித்துவிடவும் கூடும்.

கனமும் விறைப்பும்

இங்கு ஓர் அறிவியல் விளக்கம் தேவைப்படுகிறது. மரவியலில் வன்மரம், மென்மரம் என்று இரண்டு வகை சொல்வர். அகன்ற இலையுடைய மரங்கள் வன்மரம். ஊசியிலை மரங்கள் மென்மரம். இது மர இனத்தைக் குறிக்கும் பெயரே தவிர, கையால் தொட்டு உணரும் கடினத்தைக் குறிப்பதன்று. ஆஸ்பென் மரம் வன்மர வகை. ஆனால் நகத்தால் கீறினாலே தடம் விழும். ஐரோப்பாவில் தீக்குச்சி செய்வது அந்த மரத்தில்தான். ஆங்கிலேயர் வில் செய்த யூ மரமோ மென்மர வகை. ஆனால் அது ஆஸ்பெனைவிடப் பன்மடங்கு கடினமானது. எனவே அம்புக்கு மரம் தேடுவோர் வகைப்பெயரை நம்பக் கூடாது. அடர்த்தியைத்தான் பார்க்க வேண்டும்.

ஒரு கன மீட்டர் ஆஸ்பென் ஏறத்தாழ 450 கிலோகிராம் எடையிருக்கும். ஆஷ் ஏறத்தாழ 700 கிலோகிராம். பிரேசில் மரம் ஏறத்தாழ 1,000 கிலோகிராம், அதாவது நீருக்கு இணையான எடை. நம் நாட்டுச் செங்கால் மரமும் 950 கிலோகிராமை நெருங்கும்.

ஒரே வில்லிலிருந்து கனத்த அம்பையும் இலேசான அம்பையும் எய்வதாகக் கொள்வோம். இலேசான அம்பு விரைந்து புறப்படும். கனத்த அம்பு மெதுவாகப் புறப்படும். ஆயினும் வில்லின் ஆற்றலைக் கனத்த அம்பே மிகுதியாகப் பெற்றுக்கொள்கிறது. காற்று அதன் விரைவை எளிதில் குறைக்காது. தைக்கும் இடத்தில் அடி பலமாக விழும். போருக்குக் கனத்த அம்பு ஏன் வேண்டும் என்பது இதனால் விளங்கும்.

எனினும் எடையோடு கணக்கு முடிந்துவிடுவதில்லை. நாண் தள்ளும்போது அம்பு ஒரு கணம் வளைந்து, வில்லின் பக்கத்தை ஒட்டி நெளிந்து, பின்னரே நேராகிப் பறக்கிறது. அந்த வளைவு வில்லுக்கு ஏற்ற அளவில் இருக்க வேண்டும். மேரி ரோஸ் கப்பலில் கிடைத்த வில்களுள் பலவற்றை முழுதாக இழுக்க 45 கிலோகிராமுக்கு மேற்பட்ட விசை வேண்டும் என்று ஆய்வாளர் கணித்துள்ளனர். இற்றை ஒலிம்பிக் போட்டியாளரின் வில்லுக்கு ஏறத்தாழ 20 கிலோகிராமே போதும். அத்தனை வலிய வில்லுக்கு மிக விறைப்பான தண்டு வேண்டும். உருண்டைத் தண்டின் தடிப்பை இருமடங்காக்கினால் அதன் விறைப்பு பதினாறு மடங்காகும். அடர்த்தி குறைந்த மரமாயின், எடை கூடாமலேயே தண்டைத் தடிப்பாகச் செய்யலாம். ஆதலால், ஒரே எடையுள்ள இரண்டு தண்டுகளை ஒப்பிட்டால், ஆஷ் தண்டைவிடத் தடித்த ஆஸ்பென் தண்டே விறைப்பு மிகுந்திருக்கும். இந்த நுட்பத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னர் தேவைப்படும்.

அடர்ந்த மரத்தை ஆஸ்கம் முழுவதுமாக ஒதுக்கிவிடவும் இல்லை. இலேசான தண்டின் முன்முனையில் பிரேசில், ஹாலி போன்ற கனத்த மரத் துண்டைப் பொருத்தி ஒட்டும் முறையையும் அவர் விளக்குகிறார். பின்னால் இறகின் எடை, முன்னால் கனத்த மரத்தின் எடை. இரண்டும் ஒன்றையொன்று சமன் செய்யும். அடிபடும் முனையில் வலிமை. பறக்கும் உடலில் இலேசு.

போர் அம்புக்கு ஆஷ்

போருக்கென அரசு வழங்கிய அம்புகளை இருபத்து நான்காகக் கட்டி வைப்பது இங்கிலாந்து வழக்கம். இந்தக் கட்டம்புகளைப் பற்றி ஆஸ்கம் தனியே பேசுகிறார். அவை நல்ல ஆஷ் மரத்தால் செய்யப்பட வேண்டும் என்பது அவர் கருத்து. தாம் சோதித்துப் பார்த்த மரங்களுள் ஆஷே விரைவும் கனமும் சேர்ந்தது. தைக்கும்போது பலத்த அடி கொடுக்கும் என்கிறார்.

ஆஷ் உறுதியான மரம். கோடரிக்காம்பு, வண்டிச்சக்கரத்தின் வட்டைத் துண்டு, பழைய மரத்தாலான டென்னிஸ் மட்டை எல்லாம் அதில் செய்யப்பட்டவை. அறிஞர் ஒருவர், தாமே வில்லேந்திப் பழகியவர், அரசரிடம் அளித்த நூலில் இவ்வாறு எழுதியிருக்கிறார். ஆகவே, ஆங்கிலேயர் தம் போர் அம்புகளை ஆஷ் மரத்தால் செய்தனர் என்று நாம் முடிவு கட்டிவிடலாம் அன்றோ? இன்றும் அவ்வாறே எழுதுவோர் உளர். கப்பல் என்ன சொல்கிறது என்று பார்ப்போம்.

கடலடியில் கிடைத்த சான்று

மேரி ரோஸ் மூழ்கியபோது ஏறத்தாழ ஐந்நூறு பேர் அதில் இருந்தனர். பிழைத்தவர் நாற்பதின்மர் கூட இல்லை. பிரெஞ்சுக் கடற்படையோடு போர் நடந்துகொண்டிருந்த வேளை அது. கரையில் சவுத்சீ கோட்டையிலிருந்து மன்னரே அதனைக் கண்டார். கப்பலின் ஒரு பக்கம் சேற்றில் புதைந்தது. அந்தச் சேறுதான் உள்ளிருந்த மரப்பொருள்களை அழியாமல் காத்தது. 1971இல் கப்பல் கிடக்குமிடம் உறுதி செய்யப்பட்டு, அகழ்வுப் பணிக்குப் பின் 1982 அக்டோபர் 11ஆம் நாள் அதன் உடற்பகுதி கடலிலிருந்து தூக்கப்பட்டது. போர்ட்ஸ்மத்தில் 2013இல் திறக்கப்பட்ட அருங்காட்சியகத்தில் அதனைக் காணலாம்.

அக்காலக் கப்பற்பட்டியல் ஒன்றில் மேரி ரோஸுக்கு 250 வில்களும் 400 கட்டு அம்புகளும் ஒதுக்கப்பட்ட செய்தி உள்ளது. கட்டுக்கு 24 எனில் மொத்தம் 9,600 அம்புகள். அகழ்வில் 170க்கு மேற்பட்ட வில்களும் 3,500க்கு மேற்பட்ட அம்புகளும் கிடைத்தன. அம்புகள் ஏறத்தாழ முக்கால் மீட்டர் நீளமானவை. இரும்பு முனைகள் துருப்பிடித்துக் கரைந்துபோயின. இறகுகளும் மறைந்து, அவற்றைச் சுற்றிக் கட்டிய நூலின் தடமே எஞ்சியிருந்தது. நாணில் பொருந்தும் பிளவில், அது பிளந்துவிடாதபடி மெல்லிய கொம்புச் சில்லு செருகப்பட்டிருந்தது. அம்புகள் ஒன்றோடொன்று உரசாமல் கோத்து வைக்க, இருபத்து நான்கு துளையிட்ட தோல்வட்டுகளும் கிடைத்தன.

தண்டுகளை நுண்ணோக்காடியால் ஆய்ந்தபோது, வேறு மரங்களும் கலந்திருந்தன. ஆயினும் பெரும்பான்மை பாப்லர் இனத்தைச் சேர்ந்தது. ஆஸ்பென் அந்த இனத்து மரமே. ஆஸ்கம் வேண்டிய ஆஷ் அங்குப் பெரும்பான்மையாக இல்லை!

சட்டம் சொல்லும் சாட்சி

ஒருவேளை, மேரி ரோஸுக்கு மட்டும் மட்டமான அம்பு கொடுத்துவிட்டார்களோ என்று ஐயுறலாம். இதற்கு மூன்றாவது சான்று ஒன்று உள்ளது.

1415 அக்டோபர் 25ஆம் நாள், அஜின்கோர்ட் போரில் ஐந்தாம் என்றி மன்னரின் வில்லாளர் பிரெஞ்சுப் படையை முறியடித்தனர். அடுத்த ஆண்டு, 1416இல், இங்கிலாந்து நாடாளுமன்றம் ஒரு வேடிக்கையான சட்டம் இயற்றியது. மரக்காலணி செய்வோர் ஆஸ்பென் மரத்தைப் பயன்படுத்தக் கூடாது, மீறினால் தண்டம். காரணம், அம்பு செய்வோர்க்கு அந்த மரம் வேண்டும் என்பதே. சேற்றில் நடக்கும் மக்கள், காலணிக்கு அடியில் கட்டிக்கொள்ளும் மரக்கட்டைக்கும் இலேசான மரம் தேவைப்பட்டது. காலணிக்காரரும் அம்புக்காரரும் ஒரே மரத்துக்குப் போட்டியிட்டனர். பின்னர் 1464இல், அம்புக்குப் பயன்படாத ஆஸ்பென் மரத்தை மட்டும் காலணிக்காரர் எடுத்துக்கொள்ளலாம் என்று சட்டம் தளர்த்தப்பட்டது.

அம்புப் பொருளுக்காக அரசு எந்த அளவுக்குக் கவலைப்பட்டது என்பதற்கு இன்னொரு சான்று: 1417இல், வாத்து ஒன்றுக்கு ஆறு இறகு வீதம் அம்புக்கெனத் திரட்டுமாறு மன்னர் ஆணையிட்டார்.

ஆக, மேரி ரோஸ் மூழ்குவதற்கு 129 ஆண்டுகளுக்கு முன்பே ஆஸ்பென்தான் அம்பு மரம். ஏன்? ஆஸ்பென் விரைந்து வளரும். நேராக இழையோடும். இழைப்புளிக்கு எளிதில் இணங்கும். ஆயிரக்கணக்கில் அம்பு செய்ய வேண்டிய கைவினைஞர்க்கு இவை சிறிய நன்மைகள் அல்ல. ஆஷ் மரத்துக்கோ ஏர், வண்டி, ஈட்டி, கருவிக்காம்பு என்று எத்தனையோ தேவைகள் காத்திருந்தன. மேலே நினைவில் வைக்கச் சொன்ன நுட்பத்தை இங்கே எடுத்துக்கொள்ளுங்கள். வலிய வில்லுக்கு விறைப்பான தண்டு வேண்டும். ஆஸ்பென் தண்டை ஏறத்தாழ 12 மில்லிமீட்டர் தடிப்புக்குச் செய்தாலும் எடை மிகாது. அம்பு செய்தவர் எவரும் நூல் எழுதி வைக்கவில்லை. ஆயினும் அவர்தம் தேர்வுக்குப் பின்னே தக்க காரணங்கள் இருந்தன.

மீண்டும் நூலுக்கு வருவோம்

அப்படியானால் ஆஸ்கம் பொய் சொன்னாரா? இல்லை. ஆஷ் பற்றி அவர் எழுதிய அதே இடத்தை முழுதாகப் படித்தால் உண்மை தெரியும். கட்டம்புகளை ஆஷ் மரத்தால் செய்வது நலம்; இந்நாளில் செய்வதுபோல் ஆஸ்பெனால் செய்யலாகாது என்பதே அவர் சொன்னதன் சாரம். 'இந்நாளில் செய்வதுபோல்' என்னும் அந்தச் சிறு தொடரில் எல்லாம் அடங்கியிருக்கிறது! அவர் வழக்கத்தைப் பதிவு செய்யவில்லை. வழக்கத்தைக் கண்டிக்கிறார். ஆஷ் வேண்டும் என்று அவர் வாதிட நேர்ந்ததே, எங்கும் ஆஸ்பென் இருந்ததால்தான்.

எனவே நூலும் கப்பலும் முரண்படவில்லை. நூலிலிருந்து பாதித் தொடரை மட்டும் எடுத்துக்கொண்டவர் கண்ணுக்கே அவை முரணாகத் தோன்றும். சட்டம், நூல், கப்பல் மூன்றும் ஒரே செய்தியைத்தான் மூன்று குரலில் சொல்கின்றன.

ஆஸ்கமின் பரிந்துரை சரியா, அம்பு செய்தவரின் தேர்வு சரியா என்று கேட்டால், இரண்டுக்கும் நியாயம் உண்டு என்பேன். தைக்கும் அடியை எண்ணினார் ஆஸ்கம். பல்லாயிரம் அம்புகளைக் குறித்த காலத்தில் செய்து முடிக்க வேண்டிய நிலையில் இருந்தவர் கைவினைஞர். மரத்தின் தரம் மரத்தில் மட்டும் இல்லை. எந்த வில்லுக்கு, எந்தக் கைக்கு, எத்தனை அம்புக்கு என்பதிலும் இருக்கிறது. எய்பவரைப் பார்த்தே அம்பைத் தேர்க என்று ஆஸ்கமே சொன்னதும் இதுவன்றோ?

வகுப்பறைக்கு இதில் என்ன?

கே.எஸ்.எஸ்.ஆர். கலைத்திட்டத்தின்கீழ் 2014இல் நான்காம் ஆண்டில் வரலாறு தனிப்பாடமாக வந்தபோது, பாடத்தின் தொடக்கத்திலேயே சான்றுகளைப் பற்றிப் பேசும் வாய்ப்பு நமக்குக் கிட்டியது. ஆசிரியர் பயிற்சிக் கழகத்தில் படித்த நாளில், முதல்நிலைச் சான்று, இரண்டாம்நிலைச் சான்று என்னும் வேறுபாட்டை நாங்கள் வரையறையாக மனனம் செய்தோம். வரையறையைச் சொல்லிக் கொடுத்தால் பிள்ளைகளும் மனனம் செய்துவிடுவர். ஆனால், முதல்நிலைச் சான்றையே எப்படிப் படிப்பது என்பதுதான் கடினமான பகுதி. 1545இல் எழுதப்பட்ட ஆஸ்கமின் நூல் ஐயத்துக்கிடமற்ற முதல்நிலைச் சான்று. அப்படியிருந்தும் அதனைத் தவறாகப் படிக்க முடிகிறது.

இதனை விளக்க என் வகுப்பில் ஓர் எளிய வழியைக் கையாள்கிறேன். எங்கள் வகுப்பறை வாயிலில், 'காலணிகளை ஒழுங்காக அடுக்கி வைக்கவும்' என்று ஓர் அறிவிப்பு உண்டு. ஐந்நூறு ஆண்டுகளுக்குப் பின் இந்த அறிவிப்பு மட்டும் ஓர் ஆய்வாளர் கையில் கிடைத்தால், அவர் நம்மைப் பற்றி என்ன எழுதுவார் என்று மாணவர்களைக் கேட்டேன். "அந்தக் காலத்துப் பிள்ளைகள் காலணியை அழகாக அடுக்கி வைத்தார்கள் என்று எழுதுவார், ஐயா" என்றான் ஒருவன். வகுப்பே ஒப்புக்கொண்டது. சற்று நேரம் கழித்துப் பின்வரிசையிலிருந்து ஒரு மாணவி, "அடுக்கி வைத்திருந்தால் ஏன் ஐயா எழுதி ஒட்ட வேண்டும்?" என்று கேட்டாள். எல்லாரும் வாயிலைத் திரும்பிப் பார்த்தனர். அங்கே காலணிகள் எந்த நிலையில் கிடந்தன என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை. அதற்குப் பிறகு ஆஸ்கமின் கதையைச் சொன்னபோது, பத்து வயதுப் பிள்ளைகளுக்கு அது உடனே விளங்கிற்று.

இந்தப் பார்வை நம் தமிழ் வரலாற்றுக்கும் மிகவும் தேவை. நம் அறநூல்களைக் காட்டி, நம் முன்னோர் அனைவரும் அவ்வாறே வாழ்ந்தனர் என்று மேடையில் முழங்குவது எளிது. திருக்குறளில் கள்ளுண்ணாமை என்று ஓர் அதிகாரம் உண்டு. அதைக்கொண்டு, அந்தக் காலத்தில் கள்ளுண்பார் எவரும் இலர் என்று சொல்லலாமா? கள்ளுண்பார் பலர் இருந்ததால்தானே அந்த அதிகாரம் வேண்டியிருந்தது! இவ்வாறு கேட்பதால் வள்ளுவப் பேராசானின் பெருமை ஒரு சிறிதும் குறையாது. குறையுள்ள மக்களிடையே நின்று அறம் பேசினார் என்று அறியும்போது, அவர் நமக்கு இன்னும் அணுக்கமாகிறார். குறையே இல்லாத பொற்காலம் ஒன்றை நாம் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தால், வளர்ந்தபின் வேறொரு நூலைப் படிக்கும் நாளில் அவர்கள் நாம் சொன்ன அனைத்தையுமே ஐயுறுவர். மெய்யானதும் அதனோடு சேர்ந்து அடிபட்டுப் போகும். என் அச்சம் அதுதான்.

ஆகவே, ஒரு பழம்பாடமோ பழஞ்செய்தியோ நம் கைக்கு வரும்போது மூன்று வினாக்களைப் பிள்ளைகள் கேட்கப் பழக்குவோம்.

1. இது நடந்ததைச் சொல்கிறதா, நடக்க வேண்டியதைச் சொல்கிறதா?
2. யார், யாரை நோக்கி, எதனை மாற்றுவதற்காக இதனை எழுதினார்?
3. நூல் அல்லாத வேறு சான்று, அதாவது பொருளோ, கணக்கேடோ, சட்டமோ, இதனோடு ஒத்துப்போகிறதா?

பெற்றோர்களுக்கும் ஒரு வேண்டுகோள். பயிற்சி நூலில் விடை சரியா, பிழையா என்று பார்ப்பதோடு நின்றுவிடாமல், 'இது நமக்கு எப்படித் தெரியும்?' என்று ஒருமுறை பிள்ளையிடம் கேளுங்கள். விடை தெரியாவிட்டால் இருவரும் சேர்ந்து தேடுங்கள். வீட்டிலுள்ள பழைய அடையாள அட்டை, தாத்தாவின் தோட்டத்துச் சம்பளச் சீட்டு, பாட்டியின் பால்மரம் வெட்டும் கத்தி எல்லாம் சான்றுகளே. தோட்டத்து வாழ்க்கையைப் பற்றி நூலில் படித்ததை அந்தக் கத்தியோடும் சம்பளச் சீட்டோடும் ஒப்பிட்டுப் பார்க்கும் பிள்ளை, வரலாற்றுப் பாடத்தை மறக்காது.

ஆஸ்கம் விரும்பியபடி ஆஷ் அம்புகள் பெருகினவா என்று கேட்பீர்கள். அதற்குக் காலம் இடம் தரவில்லை. துப்பாக்கி வில்லைப் பின்தள்ளிக்கொண்டிருந்தது. 1595இல் இங்கிலாந்து அரசவை, பயிற்சிப் படைகளில் வில்லுக்கு மாற்றாகத் துப்பாக்கியை ஏந்தச் செய்யுமாறு பணித்தது. ஆஸ்கமின் வில்வித்தை நூலை இன்று கையால் அம்பு செய்யும் ஆர்வலர் படிக்கின்றனர். கல்வி நூலை ஆசிரியர் படிக்கின்றனர். இரண்டிலும் அவர் சொல்வது ஏறத்தாழ ஒன்றே என்று எனக்குத் தோன்றுகிறது: மரமாயினும் மாணவராயினும் இயல்பான இழையை அறிந்து, அதன் போக்கிலேயே செதுக்க வேண்டும்.

இந்த மூன்று வினாக்களையும் தங்கள் வகுப்பிலோ வீட்டிலோ கையாண்டு பார்த்தவர்கள், பிள்ளைகள் என்ன சொன்னார்கள் என்பதை எழுதினால் மகிழ்வேன். மற்ற ஆசிரியர்களுக்கும் அது பயன்படும்.